சொட்டுநீர்க் குழாயும் ஏரி வாரியமும்

கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது

நமது செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று அழைப்பது நெடுநாளைய வழக்கு. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லாத இந்நாட்டில், வானம் தரும் நீரைக் கரை கட்டித் தேக்கி வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். ஏரியை வெட்டியதோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், ஏறக்குறைய 920 ஆம் ஆண்டளவில், உத்தரமேரூரில் குடவோலை முறையில் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று என்பதைக் கல்வெட்டு உரைக்கின்றது. பிற்காலத்தில் மடையைப் பார்ப்பதற்கு நீர்க்கட்டி என்னும் ஊழியர் இருந்தார். வாய்க்காலைத் தூர் வாருவதற்குக் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. வெட்டுவது ஒரு நாள் வேலை, காப்பது ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டிய வேலை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

கூட்டுறவும் இம்மண்ணுக்குப் புதியதன்று. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இந்தியாவில் பிறந்த 1904 ஆம் ஆண்டிலேயே, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் விவசாயிகளுக்கும், காஞ்சிபுரத்தில் நகர மக்களுக்கும் சங்கங்கள் தோன்றிவிட்டன.

இன்று நம் அங்கத்தினர்களின் வயல்களில் புதியதோர் ஏரி வந்திருக்கின்றது. அது கரையும் மதகும் இல்லாத ஏரி. கறுப்புக் குழாயாக வரிசை வரிசையாய் மண்மீது கிடக்கும் சொட்டுநீர்ப் பாசன அமைப்பையே குறிப்பிடுகின்றேன். இதற்கு ஏரி வாரியம் எங்கே? நீர்க்கட்டி யார்? இதுவே இக்கட்டுரையில் யான் அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

நான் கண்ட வயல்

சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைச் சொல்லுகின்றேன். செய்யூர் வட்டாரத்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றில், ஒரு பெரியவர் சங்கத்தில் பயிர்க்கடன் பெற்று ஓர் ஏக்கரில் தர்ப்பூசணி பயிரிட்டிருந்தார். தை மாதத்தில் அவ்வயலைப் பார்வையிட்டேன். குழாய்கள் ஒழுங்காக விரிக்கப்பட்டிருந்தன. மோட்டார் ஓடிற்று. தலைப்பக்கத்தில் நீர் சொட்டிற்று. குழாயின் நீளத்தை அளந்து, "சொட்டுநீர் அமைப்பு நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மாசிக் கடைசியில் அவ்வழியே மீண்டும் சென்றபொழுது வயலின் தோற்றம் மாறியிருந்தது. குழாய் தொடங்கும் பக்கத்தில் கொடிகள் தழைத்துக் காய் பிடித்திருந்தன. கடைப்பக்கத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில், இலைகள் சுருண்டு, பிஞ்சுகள் எலுமிச்சை அளவிலேயே வெம்பிக் கிடந்தன. பெரியவர் என்னைக் கண்டு கோபிக்கவில்லை. "எல்லாம் சரியாய் இருக்கிறதென்று எழுதிக்கொண்டு போனீர்களே, ஐயா!" என்று மட்டும் சொன்னார்.

கடைவரிசை ஒன்றின் நுனியில் இருந்த மூடியைத் திறந்தோம். முதலில் ஒன்றும் வரவில்லை. சிறிது நேரங்கழித்துச் சேற்று நிறத்தில் ஒரு கட்டி வெளிவந்து விழுந்தது. அதில் எறும்புக்கூட்டின் மண்ணும் பாசியும் கலந்திருந்தன. பிறகு தெரிய வந்தது இது: புரட்டாசியில் கத்தரி முடிந்ததும் குழாய்களைச் சுருட்டி வரப்போரம் ஒதுக்கியிருக்கின்றார். நுனிகளை மூடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் புகுந்து வண்டலை உள்ளே ஏற்றிவிட்டது. தையில் அதே குழாயை அப்படியே விரித்துவிட்டார். அப்பொழுது மண்ணில் மழையீரம் இருந்தது. கன்றுக்கு வேண்டிய நீரும் சிறிது. எனவே குறை வெளிப்படவில்லை. வெயில் ஏறிக் காய் பிடிக்கும் பருவத்தில் வெளிப்பட்டது.

அவ்வாண்டு கடன் தவணை தவறிற்று. அறிவிப்பு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. அவர் அதே சங்கத்தில் தம் மனைவியாரின் சங்கிலியை அடகு வைத்து, நகைக்கடன் பெற்றுப் பயிர்க்கடனைத் தீர்த்தார். சங்கத்தின் ஏட்டில் ஒரு கணக்கு முடிந்து மற்றொன்று தொடங்கிற்று. குடும்பத்திற்கோ கடன் கடனாகவே நின்றது. குழாயின் நீளத்தை அளந்த நான், கடைசிச் சொட்டுவான் சொட்டுகின்றதா என்று பார்த்திருந்தால் இருபது நிமிடம் கூடுதலாகச் செலவாகியிருக்கும். அவ்வளவே.

ஊசித் துளை அளவில் ஓர் ஏரி

சொட்டுநீர்ப் பாசனத்தை இன்றைய வடிவில் உலகிற்குத் தந்தவர் சிம்கா பிளாஸ் என்னும் இஸ்ரேல் நாட்டுப் பொறியியலாளர். அதைத் தொழிலாக வளர்த்தது நெகேவ் பாலையில் உள்ள ஹட்சரிம் என்னும் கூட்டுப்பண்ணை. 1965 ஆம் ஆண்டில் அப்பண்ணையார் தொடங்கிய ஆலையிலிருந்தே இக்குழாய் உலகெங்கும் பரவிற்று. ஆகவே கூட்டுறவாளருக்கு இக்கருவி அயலானதன்று. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்திலும், மற்றவர்க்கு 75 விழுக்காடு மானியத்திலும் இது அமைத்துத் தரப்படுகின்றது. ஆனால் ஒருமுறை மானியம் பெற்ற நிலத்திற்கு மறுமுறை பெறப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இடையில் பழுதானால் செலவு நம்முடையதே.

சொட்டுவானுக்குள் நீர் செல்லும் பாதை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ளது. ஊசித் துளையை அடைக்க மலை வேண்டுவதில்லை. கணக்கொன்று பார்ப்போம். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். வரிசைக்கு வரிசை 2 மீட்டர் இடைவெளி எனில் 2,000 மீட்டர் பக்கக் குழாய் வேண்டும். அரை மீட்டருக்கு ஒரு சொட்டுவான் எனில் 4,000 சொட்டுவான்கள். அவற்றுள் பத்தில் ஒன்று அடைபட்டால் 400 இடங்களில் வேருக்கு நீர் இல்லை. மோட்டார் ஓடும் ஓசை மட்டும் குறையாது. மின்சாரம் செலவாவதும் குறையாது.

நெசவாளர் அன்பர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? பாவில் ஓர் இழை அறுந்தால் அவர்கள் தறியை நிறுத்தி அப்பொழுதே பிணைக்கின்றனர். நெய்து முடித்தபின் பார்க்கலாம் என்று விட்டால் சேலை முழுவதும் ஒரு கோடு ஓடிவிடும். மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறும் என்று அறிந்து, அச்சையும் விழுதையும் காய்ந்த இடத்தில் காக்கின்றனர். அதே கவனத்தைத்தான் குழாயும் நம்மிடம் கேட்கின்றது.

ஆவணி, புரட்டாசி: மழைக்கு முன்

நம் கடற்கரைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் வருகின்றது. புயலும் அப்பொழுதே வருகின்றது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகிலேயே கரை கடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழை நம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிற்று. ஆகவே பராமரிப்பின் ஆண்டு, மழைக்கு முன்னரே தொடங்க வேண்டும்.

பயிர் முடிந்ததும் முதலில் துணைக்குழாயின் கடைவால்வையும், பின்னர் ஒவ்வொரு பக்கக் குழாயின் நுனியையும் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்தால் வேகம் இராது. ஐந்தாறு வரிசைகளாகத் திறப்பது நலம். பின்பு குழாயைப் பெரிய வளையங்களாக, மடிப்பு விழாமல் சுருட்டி, இரு நுனிகளையும் மூடிக் கட்ட வேண்டும். எந்த வரிசையின் குழாய் என்று எண் எழுதிய துணித்துண்டு ஒன்றை அதில் கட்டிவிடலாம். வெயிலும் எலியும் அணுகாத கொட்டகையில் உயரத் தொங்கவிடுவதே பாதுகாப்பு. மண்ணுக்குள் இருக்கும் துணைக்குழாயின் வாய்களை மூடி, அடையாளக் கழி நட வேண்டும். வடிகட்டியில் உள்ள நீரை வடித்துக் காயவைக்க வேண்டும். சல்லடையில் கிழிசல் உண்டா, ரப்பர் வளையம் தேய்ந்துள்ளதா என்று பார்த்து மாற்றுவதற்கு இதுவே தக்க காலம்.

தென்னை, மா முதலிய தோப்புகளில் குழாயை எடுக்க இயலாது. அங்கே மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் நீர் ஓடவிட்டால் எறும்பும் வேரும் சொட்டுவானுக்குள் குடிபுகமாட்டா.

மார்கழி, தை: விரிக்கும் காலம்

மழை ஓய்ந்தபின் கிணற்றில் நீர் நிறைந்திருக்கும், வண்டலும் நிறைந்திருக்கும். முதல் இறைப்பைச் சொட்டுநீர்க் குழாயில் விடாமல் வாய்க்காலில் விட்டுவிட வேண்டும். நீர் தெளிந்த பின்னரே வடிகட்டி வழியாகச் செலுத்தலாம்.

எந்த நீருக்கு எந்த வடிகட்டி என்பதும் அறியத்தக்கது. திறந்த கிணற்றிலும் குட்டையிலும் பாசி மிகுதி. அங்கே மணல் வடிகட்டி வேண்டும். கடலோர மணற்பாங்கில் ஆழ்துளைக் கிணறு நீரோடு மணலையும் ஏற்றும். அங்கே மணற் பிரிப்பான் முதலில் வேண்டும். இவற்றின் பின்னால் சல்லடை அல்லது தட்டு வடிகட்டி எவ்விடத்தும் வேண்டும். மணல் வடிகட்டியை நாள்தோறும் ஐந்து நிமிடம் எதிர்த்திசையில் நீர் செலுத்திக் கழுவுதல் வழக்கமாக வேண்டும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளின் வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவை எட்டினால் நாள் பார்க்காமல் உடனே கழுவ வேண்டும்.

இப்பொழுது சொட்டை அளக்கும் முறையைச் சொல்லுகின்றேன். மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் மூன்று நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். முதல் வரிசை, நடு வரிசை, கடை வரிசை என மூன்று வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தலை, இடை, கடை என மூன்றிடங்களில் கிண்ணம் வைத்து அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். ஒன்பது அளவுகளையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கடையில் 180 மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாய் உங்களை எச்சரிக்கின்றது என்று பொருள். இச்சோதனையை விதைப்பதற்கு முன் ஒருமுறையும், அதன்பின் மாதந்தோறும் செய்தல் நன்று.

மாசி முதல் வைகாசி வரை: வெயிலும் உப்பும்

வெயிலில் குழாய் நீளும், இரவில் சுருங்கும். இறுக்கி விரித்த குழாய் துணைக்குழாயிலிருந்து கழன்றுவிடும். ஆகவே சற்றுத் தளர்வாகவே விரிக்க வேண்டும். களை கொத்தும்பொழுது குழாயை ஒதுக்கி வைக்குமாறு ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். கோடையில் அணிலும் எலியும் தாகத்தால் குழாயைக் கடிக்கும். இதற்காகச் சிலர் வரப்பில் சட்டியில் நீர் வைக்கின்றனர். வாயற்ற உயிருக்கும் நன்மை, குழாய்க்கும் நன்மை. கடிபட்ட இடத்தைச் சணலால் கட்டி ஒப்பேற்றாமல், வெட்டி இணைப்பான் போட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நுனிகளைத் திறந்து விடுவதை இக்காலத்தில் மறக்கலாகாது.

கடற்கரைக்கே உரிய தொல்லை உப்பு. கோடையில் அளவு மீறி இறைத்தால் மணலுக்கடியில் உள்ள நன்னீர் குறைந்து உவர்நீர் உட்புகும். மாமல்லபுரத்தை அடுத்த நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர் அதன் அளவு. 15 கோடி லிட்டர் அளவில் இரண்டாவது நிலையமும் 2024 இல் வந்துவிட்டது. நகரத்திற்கு அது தகும். விவசாயிக்கு உப்பை நீக்கித் தருவது மழை ஒன்றே. அதுவரை உப்பை வேரிலிருந்து விலக்கி வைப்பதுதான் நம்மால் ஆவது. சொட்டுநீர் விழும் இடத்தில் ஈரம் வட்டமாகப் பரவும்; உப்பு அவ்வட்டத்தின் விளிம்பிற்குத் தள்ளப்பட்டு வெண்மையாகப் படியும். மண் காய்ந்தால் அவ்வுப்பு வேரை நோக்கித் திரும்பும். மணற்பாங்கில் நீர் விரைவில் கீழிறங்கிவிடுமாதலால், நெடுநேரம் ஒருமுறை விடுவதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை விடுவதே பொருத்தம்.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. கோடையில் சிறுதூறல் விழுந்ததும் மோட்டாரை நிறுத்திவிடுகின்றனர். அத்தூறல் விளிம்பில் உள்ள உப்பைக் கரைத்து வேரிடத்தே கொண்டு சேர்க்கும். ஆனால் அதைக் கீழே கடத்தும் வலிமை அதற்கில்லை. உவர்நீர் நிலத்தில், முதல் தூறலின்பொழுது சொட்டுநீரைச் சிறிதுநேரம் ஓடவிடுவதே பயிரைக் காக்கும். நல்ல மழை பெய்து மண் கழுவப்பட்டபின் நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு மருந்துகள்

சொட்டுவானின் வாயில் வெண்மையான படிவு கண்டால் அது சுண்ணாம்பு வகை. அதற்கு மருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம். பச்சையாகவோ வழுவழுப்பாகவோ இருந்தால் பாசியும் நுண்ணுயிரும். அதற்கு மருந்து பிளீச்சிங் பவுடர். செங்காவி நிறமானால் நீரில் இரும்பு உள்ளது. அந்நீரைத் தொட்டியில் ஏற்றிக் காற்றுப்பட விட்டு, தெளிந்தபின் பாய்ச்ச வேண்டும்.

அமிலம் இடும் முறை வருமாறு. ஒரு வாளி பாசன நீரை அளந்து எடுத்து, பி.எச். தாள் 4 என்று காட்டும்வரை சிறிது சிறிதாக அமிலம் சேர்த்து, வேண்டிய விகிதத்தை அறிய வேண்டும். அவ்விகிதத்தில், உலோக வடிகட்டியைத் தாண்டிய இடத்திலிருந்து உரமிடும் வெஞ்சூரி வழியே செலுத்தி, கடைசிச் சொட்டுவானின் நீரிலும் தாள் 4 காட்டியதும் நிறுத்த வேண்டும். ஒரு பகலும் இரவும் குழாயிலேயே விட்டு, மறுநாள் நுனிகளைத் திறந்து நன்கு கழுவிவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரில் 30 விழுக்காடு குளோரின் இருப்பின், 1,000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 65 கிராம் போதும். அதைத் தனியே கரைத்துத் தெளியவைத்துத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பையும் விட்டால் மருந்தே நோயாகிவிடும். ஓர் இரவு வைத்திருந்து, பிறகு கழுவிவிடலாம்.

இவ்விரண்டையும் நிலத்தில் பயிர் இல்லாத காலத்தில் செய்வதே உத்தமம்.

எச்சரிக்கையாகச் சில சொற்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் இன்றித் தொடலாகாது. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் உயிருக்கே கேடான நச்சுக்காற்று எழும். ஒன்றை இட்டு, நல்ல நீரால் கழுவி, வேறொரு நாளில்தான் மற்றொன்றை இட வேண்டும். குழந்தைகள் எட்டாத இடத்தில், பெயர் எழுதிய பாத்திரத்தில் வைப்பது கட்டாயம். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பது கொலைக்கு ஒப்பான அசட்டை.

சங்கம் செய்யக்கூடியது

இவற்றைத் தனி ஒருவர் செய்வது கடினம் என்பதை அறிவேன். ஓர் ஏக்கர்க்காரர் அழுத்தமானியும் பி.எச். தாளும் அமிலமும் தனித்தனியே வாங்க வேண்டிய தேவையும் இல்லை. ஆண்டில் இரண்டு நாளே பயன்படும் பொருளைப் பத்துப்பேர் சேர்ந்து வைத்துக்கொள்வதற்காகத்தானே சங்கம் பிறந்தது?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஒவ்வொரு சங்கமும் ஒரு பெட்டி வைத்திருக்கட்டும். அதில் கையில் பிடிக்கும் அழுத்தமானி, அளவுக் குவளை, பி.எச். தாள், கையுறை, கண்ணாடி, சில இணைப்பான்கள், கடைமூடிகள் இருக்கட்டும். இரண்டாவது, ஊரில் ஓர் இளைஞரோ பெண்ணோ இவ்வேலையைக் கற்று, குறைந்த கூலிக்கு வயல்தோறும் செய்து கொடுக்கட்டும். அவரே நம் புதிய நீர்க்கட்டி. மூன்றாவது, புரட்டாசியில் ஒரு நாளையும் மார்கழியில் ஒரு நாளையும் குழாய் மராமத்து நாளாகப் பேரவைக் கூட்டத்தில் தீர்மானித்து, எல்லாரும் சேர்ந்து செய்யட்டும். பயிர்க்கடன் ஆய்வுக்கு வரும் எங்களைப் போன்றவர்களும், குழாயின் நீளத்தோடு ஒன்பது கிண்ண அளவையும் அறிக்கையில் எழுதக் கடமைப்பட்டவர்கள். என்னளவில் நான் அதைத் தொடங்கிவிட்டேன்.

மேலே சொன்ன பெரியவரைச் சென்ற தை மாதம் மீண்டும் கண்டேன். நான் கேட்குமுன்பே அளவுக் குவளையை எடுத்துக்கொண்டு என்னைக் கடைவரிசையின் கடைசிச் செடிக்கே அழைத்துச் சென்றார். மூன்று நிமிடம் இருவரும் பேசாமல் நின்றோம். 190 மில்லி வந்தது. "எழுதிக்கொள்ளுங்கள், ஐயா" என்றார். எழுதிக்கொண்டேன். நகைக்கடன் கணக்கு எப்பொழுதோ முடிந்துவிட்டதென்பதைச் சங்கத்தின் ஏட்டில் நான் முன்னரே பார்த்திருந்தேன்; அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.